காற்றுக்கு ஒரு கரை, குடும்பத்துக்கு ஒரு கரை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் 1996ஆம் ஆண்டு மெக்கானிக்கல் பிரிவு மாணவர். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



காலையில் பேசிய நண்பர்கள் தொழில் தொடங்குவது பற்றியும், வெளிநாட்டு மேற்படிப்பு பற்றியும் பயனுள்ள விஷயங்களைச் சொன்னார்கள். நான் பம்பு கம்பெனியில் இருபத்தைந்து வருஷமாக இருக்கிறேன். என்னிடம் அப்படிப்பட்ட செய்தி எதுவும் கிடையாது. செயலாளர் போன் பண்ணி, "டேய், குரூப்ல ஒரு படம் போட்டியே, தண்ணிக்கு மேல அந்தரத்துல நிக்கிற மாதிரி, அதைப் பத்திப் பேசு. அதுக்கு வீட்ல எப்படி விட்டாங்கன்னும் சொல்லு" என்றார். முதல் கேள்விக்குப் பதில் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இரண்டாவதுதான் கஷ்டமான கேள்வி. அதனால் அதற்கே அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். விங் ஃபாயில் என்பது மூன்று பொருள். கையில் பிடித்துக்கொள்ளும் காற்றடைத்த இறக்கை ஒன்று. நாலு, ஐந்து சதுர மீட்டர் துணி, முன்விளிம்பில் சைக்கிள் டியூப் போல் ஆனால் தொடை மொத்தத்தில் ஒரு டியூப். காலுக்கடியில் ஒரு பலகை. பலகைக்குக் கீழே 75, 80 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பம், அதன் அடியில் பொம்மை விமானம் மாதிரி ஒரு முன்னிறக்கை, ஒரு பின்னிறக்கை. அந்த அடிப்பாகம்தான் ஃபாயில். கைட் சர்ஃபிங்கில் இருக்கும் இருபது மீட்டர்க் கயிறு இதில் இல்லை. பாயைப் பலகையோடு பூட்டும் மரமும் இல்லை. கையை விட்டால் இறக்கை தண்ணீரில் விழுந்து சும்மா கிடக்கும். மணிக்கட்டிலோ இடுப்பிலோ கட்டிய வார் அதை ஓடவிடாது. ஹவாயின் மௌயி தீவில் 2018, 2019 வாக்கில் இன்றைய வடிவத்துக்கு வந்த விளையாட்டு இது. நம் கல்லூரியின் பல கட்டிடங்களைவிட வயதில் சின்னது.

நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சார் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கணக்கு போடாமல் இறங்கினால் விடமாட்டார். என்னையும் சாமானையும் சேர்த்து 90 கிலோ என்று வையுங்கள். முன்னிறக்கையின் பரப்பு 1,500 சதுர சென்டிமீட்டர், அதாவது இரண்டரை ஏ4 தாள். லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் 0.6. கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு 1,025 கிலோ. அரை, ரோ, வி ஸ்கொயர், ஏ, சி.எல்... போட்டுப் பார்த்தால் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர் வருகிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 16 கிலோமீட்டர். ஹாஸ்டலிலிருந்து லேட்டாகக் கிளம்பியவன் சைக்கிள் மிதிக்கும் வேகம்தான். (சிரிப்பு) அந்த வேகம் வந்தவுடன் பலகை தண்ணீரை விட்டு எழுந்துவிடும். தண்ணீர் காற்றைவிட எண்ணூறு மடங்கு அடர்த்தி என்பதால்தான் இத்தனூண்டு இறக்கை ஓர் ஆளைத் தூக்குகிறது. எழுந்த மறுகணம் பலகையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் சுத்தமாக நின்றுபோகும். அந்த அமைதிக்காகத்தான் நாற்பத்தாறு வயதில் இதைப் பிடித்துக்கொண்டேன். ராமேஸ்வரம் பக்கத்தில், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், வார இறுதி வார இறுதியாகப் போய்க் கற்றேன்.

இனி வீட்டு விஷயம்.

போன வருஷம் என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தாள். எந்த ஊர், எந்தக் காலேஜ் என்று தெரியாது. ஹாஸ்டல் என்பது மட்டும் தெரியும். அம்மாவுக்கு 74 வயது. நாலு பேரும் ஒன்றாக வெளியே கிளம்புவது இனி எத்தனை தடவை நடக்கும் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் "மொரீஷியஸ் போகலாம், அங்கே காற்று நன்றாக இருக்கும்" என்றேன். என் மனைவி ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க விளையாடறதை உக்காந்து பாக்கறதுக்கு எங்களுக்கு லீவு கிடையாது. உங்களுக்குக் காத்து வேணும்னா நீங்க போயிட்டு வாங்க. நாங்க மூணு பேரும் ஏற்காடு போறோம்."

அவள் குளித்தலைக்காரி. காவிரிக் கரையில் வளர்ந்தவள். தண்ணீர் ஆளை எடுத்துக்கொண்டு போவதைப் பள்ளிக்கூட வயதில் கண்ணால் பார்த்தவள். ஆகவே அது வெறும் கோபம் இல்லை. நான் அதற்குப் பதில் சொல்லாமல் மேப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரும் இடம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தேடினேன்.

இதில் அடிப்படைச் சிக்கல் என்னவென்றால், எனக்கு நல்ல கடற்கரை அவர்களுக்குக் கெட்ட கடற்கரை. எனக்கு 15 முதல் 20 நாட் காற்று வேண்டும். மணிக்கு 28லிருந்து 37 கிலோமீட்டர். அந்தக் காற்றில் கரையில் உட்கார்ந்தால் கண்ணிலும் வாயிலும் மணல். குடை நிற்காது, தட்டில் சோறு நிற்காது. தென்னை மரம் ஆடாமல், கண்ணாடி மாதிரி நீலமாக, விளம்பரப் படத்தில் வருகிற கடற்கரை அவர்களுக்கு சொர்க்கம். எனக்கு அங்கே வேலையே இல்லை.

வேலை இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை. தீவு விடுதிகளில் அந்தக் கண்ணாடித் தண்ணீர் பெரும்பாலும் காற்று மறைவான பக்கத்தில்தான் இருக்கும். காற்று மலையைத் தாண்டி, கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருக்கும். கரையோரம் ஒன்றும் தெரியாது. இருநூறு மீட்டர் உள்ளே போனால் அது வெளிக்கடலுக்குத் தள்ளும். இறக்கையோடு அங்கே இறங்கக்கூடாது என்பது மட்டுமல்ல, குழந்தைகள் படுத்து விளையாடும் காற்றுமெத்தை, வாத்து பொம்மை இவையும் அங்கே கூடாது. குழந்தை மெத்தையைப் பிடிக்கப் போகும், மெத்தை குழந்தையைவிட வேகமாகப் போகும். இதைத் தயவுசெய்து ஞாபகம் வையுங்கள். விங் ஃபாயில் யாரும் கற்காமல் போனாலும், தீவுக்குப் போகிறவர்களுக்கு இது உதவும்.

ஆக, காற்றுள்ள கரையும் காற்றில்லாத கரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இடம் வேண்டும். மொரீஷியஸின் தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்றொரு தீபகற்பம் இருக்கிறது. நடுவில் 556 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான ஒற்றைப் பாறை மலை. மே, ஜூன் தொடங்கி செப்டம்பர், அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து வியாபாரக் காற்று வீசும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் படித்தோமே, அதே காற்று. அது அந்த மூலையில் மலையைச் சுற்றித் திரும்பும்போது இன்னும் வேகம் பிடிக்கும். தென்முனையில் பவளப்பாறைக்கு உள்ளே அடங்கிய லகூன்; ஆழம் குறைவு, அலை இல்லை, காற்று கரையோரமாகவே பக்கவாட்டில் அடிக்கும். மலைக்கு மறைவில் மேற்குப் பக்கம் வரிசையாக விடுதிகள். அங்கே குளிக்க, நீந்த அமைதியான கரை. இரண்டுக்கும் நடுவில் காரில் சில நிமிஷம்தான்.

இதே அமைப்பு வேறு இடத்திலும் உண்டு. பிலிப்பைன்ஸில் போராகாய் தீவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. கிழக்கே புலாபோக் கரையில் காற்று அடிக்கும், மேற்கே வெள்ளை மணல் கரை அசையாமல் கிடக்கும். தீவின் இடுப்பு அவ்வளவு ஒடுக்கம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். நம் ஊர் அரையாண்டு விடுமுறைக்கு அதுதான் பொருத்தம். ஏனென்றால் மொரீஷியஸில் டிசம்பர் என்றால் வெயில், காற்று குறைவு, புயல் பருவமும் அப்போதுதான். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் மொரீஷியஸுக்கு செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவில் போகலாம். அப்போதும் காற்று இருக்கும். கோடை லீவுக்கு? மே பாதிக்கு மேல் இலங்கையில் கல்பிட்டி இருக்கிறது. செலவும் குறைவு, சோறு கேட்டால் சோறு கிடைக்கும். மாலத்தீவைப் பலர் கேட்கிறார்கள். அங்கே ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பதால் இடம் மாற்ற முடியாது. காற்று வரவில்லையென்றால் மாட்டிக்கொண்டது மாட்டிக்கொண்டதுதான். தேனிலவுக்குப் போங்கள். (சிரிப்பு)

மேப்பைக் காட்டியவுடன் வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். என் மனைவி சரித்திர டீச்சர். மூன்று கேள்வி கேட்டாள். எனக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர்கள்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. "நடுவுல காத்து நின்னுட்டா எப்படித் திரும்பி வருவீங்க? நீங்க கஷ்டப்படறீங்களா, சும்மா உக்காந்திருக்கீங்களான்னு கரையிலிருந்து எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த ஊர்ல, பாஷை தெரியாத இடத்துல, இந்தப் பொண்ணையும் அத்தையையும் வச்சிக்கிட்டு நான் யார்கிட்டப் போவேன்?"

பதில்களை ஒரு தாளில் எழுதினோம். காற்று நின்றால்: இறக்கையின் காற்றைப் பாதி இறக்கிச் சுருட்டிப் பலகைமேல் வைத்து, அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் துடுப்பு போட வேண்டும். இதை அவள் கண்ணெதிரே முதல் நாள் செய்து காட்டினேன். எப்படித் தெரியும் என்பதற்கு: இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிக் குறுக்கும் நெடுக்கும் ஆட்டினால் உதவி வேண்டும் என்று அர்த்தம். நான் கையே ஆட்டாவிட்டாலும், பத்து நிமிஷத்துக்கு மேல் இறக்கை தூக்காமல் பலகையில் கிடந்தால் அவள் என்னைக் கேட்க வேண்டாம், நேரே படகுக்காரரிடம் போக வேண்டும். மூன்றாவதற்கு: மீட்புப் படகு வைத்திருக்கும் பயிற்சி நிலையத்தில் மட்டுமே சாமான் வாடகைக்கு எடுப்பது, படகோட்டியின் எண், விடுதியின் எண், போர்ட் லூயியில் இருக்கும் நம் ஹைகமிஷன் எண் எல்லாம் அவள் போனில், இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகல் அவள் பையில். அந்த பாலிசியை வரி வரியாகப் படியுங்கள். சாகச விளையாட்டு என்றால் பணம் தரமாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்ட பாலிசிகள் நிறைய உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்த்துக்கொண்டேன்.

நேரத்தையும் பிரித்துக்கொண்டோம். அங்கே காற்று காலையிலேயே வந்துவிடாது. பத்து, பதினொன்றுக்கு மேல்தான் ஏறும். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஆகவே காலை முழுக்கக் குடும்பத்துக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எனக்கு. ஒருநாள் காற்று இல்லையென்றால் அந்த நேரமும் குடும்பத்துக்கே. மறுநாளோடு சேர்த்து எடுத்துக்கொள்ளும் பேச்சு கிடையாது. நம் அரசாங்க கேஷுவல் லீவு மாதிரி. (சிரிப்பு)

தங்குவதிலும் ஒரு யோசனை சொல்கிறேன். ஏழு ராத்திரியும் விடுதியில் இருந்தால் பர்ஸ் தாங்காது. முதல் நான்கு ராத்திரி பக்கத்தில் லா கோலெத் என்ற மீனவ கிராமத்தில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்தோம். அம்மாவுக்குத் தயிர் சாதம், ரசம் எல்லாம் அங்கே நடந்தது. கடைசி மூன்று ராத்திரி விடுதி. அங்கேயும் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த நாட்டு ஜனங்களில் பாதிப் பேர் இந்துக்கள், சைவம் என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அம்மா நீச்சல் குளத்தில் கால் நனைத்து உட்கார்ந்து, "ஏங்கண்ணு, இதுக்கும் காசு வாங்குவாங்களா?" என்று கேட்டார்கள்.

அம்மாவுக்கு அங்கே உண்மையான சந்தோஷம் வந்தது முதல் நாள் காலை, ஒரு மளிகைக் கடையில். மீதிச் சில்லறையாகக் கொடுத்த நூறு ரூபாய் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நோட்டில் தமிழ் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு அந்த நாட்டில் புது நோட்டுகள் அடித்தபோது தமிழ் வரி இருந்த இடத்தை மாற்றிக் கீழே தள்ளினார்கள். அங்குள்ள தமிழர்கள் எழுந்து கேட்டார்கள். அந்த நோட்டுகளையே அரசு திரும்பப் பெற்றது. இத்தனைக்கும் வீட்டில் அவர்களில் பெரும்பாலோர் பேசுவது கிரியோல். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனாராக, தச்சராகப் போனவர்களின் வாரிசுகளும், 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகளும் அவர்கள். தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை. போர்ட் லூயியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். நம் ஊர்க் கோபுரம்தான். குருக்களிடம் அம்மா தமிழில் அரைமணி நேரம் பேசினார்கள். அன்று காற்று பிரமாதமாக அடித்தது. நான் கோயிலில் இருந்தேன். அட்டவணை அட்டவணைதான்.

என் மனைவிக்கு அந்த மலைதான் முக்கியம். அடிமைகளாக ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கூட்டி வரப்பட்டவர்களில் தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 1835 பிப்ரவரி 1ஆம் தேதி அடிமை முறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி மேலேயிருந்து பலர் குதித்துவிட்டார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மலையடிவாரத்தில் கல் சிற்பங்களோடு ஒரு நினைவிடம் இருக்கிறது. அங்கே அவள் மகளிடம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் தூர நின்றேன். அந்தக் கடலில் நாம் விளையாட வந்திருக்கிறோம் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் முதலில் கேட்டது, "அப்பா, நான் சும்மா வீடியோ எடுக்கத்தான் வரணுமா?" என்று. அவளுக்குத் தனியாக நாலு நாள் பாடம் ஏற்பாடு செய்தேன், நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பன் சொல்லிக்கொடுத்தால் கார் ஓட்டக்கூட வராது. முதல் நாள் கரையில் இறக்கையை மட்டும் பிடித்து நடந்தாள். இரண்டாம் நாள் ஃபாயில் இல்லாத பெரிய பலகையில் முழங்கால் போட்டு ஓட்டினாள். கற்கிறவர்களுக்குப் பலகையின் கொள்ளளவு உடல் எடையைவிட முப்பது, நாற்பது லிட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அவளுக்கு 95 லிட்டர் கொடுத்தார்கள். நாலாம் நாள் ஃபாயிலில் எழுந்து, எட்டு விநாடி நின்று, விழுந்தாள். ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் கட்டாயம். விழும்போது ஃபாயிலிலிருந்து தள்ளி, தட்டையாக விழவேண்டும், தலைகுப்புறப் பாயக்கூடாது. பவளப்பாறை எந்த ஆழத்தில் இருக்கிறது என்று மேலேயிருந்து தெரியாது. காலுக்கு ரப்பர் ஷூ. கடல் முள்ளெலி குத்தும். கல் மீன் என்ற ஒன்று கல்லாகவே கிடக்கும், மிதித்தால் விஷமுள். மிதித்துவிட்டால், தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் காலை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ரொம்ப பயமுறுத்துகிறேனோ? நீந்தத் தெரிந்த எவரும் நல்ல பயிற்சியாளரிடம் கற்கலாம். நீந்தத் தெரியாதவர்கள் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். அதில் பேரம் கிடையாது.

ஐந்தாம் நாள் மதியம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தத் தாள் எதற்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

லகூனுக்கும் வெளிக்கடலுக்கும் நடுவே பவளப்பாறை ஒரு சுவர். தென்கடலிலிருந்து வரும் பெரிய அலைகள் அந்தச் சுவரின்மேல் உடைந்து, தண்ணீரை உள்ளே கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வேண்டுமே? சுவரில் இருக்கும் வாய் வழியாகத்தான் போகும். அலை பெரிதான நாளில் அந்த வாயை நோக்கி ஒரு நீரோட்டம் இழுக்கும். லெ மோர்னில் அந்த வாய்க்குப் பக்கத்தில்தான் ‘ஒன் ஐ’ என்ற பேர்பெற்ற அலை உடைகிறது. மலையில் தெரியும் ஒரு துளையை வைத்து அந்தப் பெயர். வித்தை தெரிந்தவர்களுக்கு மட்டுமான இடம் அது. காற்றும் அந்தப் பக்கம்தான் தள்ளும். நம் பாஷையில் சொன்னால், மேலே டேங்க், கீழே ஒரே ஒரு அவுட்லெட்.

அன்று நான் கரையிலிருந்து முந்நூறு மீட்டரில் இருந்தேன். தென்கிழக்கில் ஒரு மழைமேகம் வந்தது. முன்னால் காற்று ஏறியது, மழை கொட்டியது, மேகம் கடந்தவுடன் யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி காற்று நின்றுபோனது. சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் சொல்லிவைத்தபடியே இறக்கையைச் சுருட்டி, படுத்து, துடுப்பு போட ஆரம்பித்தேன். கரையில் ஒரு சவுக்கு மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டேன். (அந்தத் தீவு முழுக்கக் கடற்கரையில் நம் சவுக்குதான்.) மரம் பக்கத்தில் வரவில்லை. பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. கையை ஆட்ட வேண்டிய அவசியம் வந்துவிட்டதா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று மனசு பேரம் பேசும் பாருங்கள், அந்த நேரம்தான் பொல்லாதது. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. நான் பேரம் பேசி முடிப்பதற்குள் படகு என் பக்கத்தில் வந்து நின்றது. படகோட்டி கிரியோலில் என்னவோ சொல்லிச் சிரித்து, பலகையைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு மற்ற இரண்டு பேரையும் ஏற்றினார்.

கரையில் இறங்கியபோது மனைவி மழையில் நனைந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் வாட்ச். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "பத்து நிமிஷம்னு எழுதியிருந்தது. பத்தாவது நிமிஷம் சொன்னேன். படகு கிளம்ப ஒரு நிமிஷம் ஆச்சு" என்றாள். அம்மா காரிலேயே இருந்தார்கள். அவர்களுக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் விஷயமே தெரிந்தது. மறுநாள் "இன்னிக்கு எத்தனை மணிக்கு உங்க டைம்?" என்று மனைவியாகவே கேட்டாள். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பயணம். (கைதட்டல்)

இளம் நண்பர்கள் சாமான் பற்றிக் கேட்பீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். இறக்கை, ஹெல்மெட், கவசம் இவற்றை மட்டும் எடுத்துப் போங்கள். இறக்கை மடித்தால் ஒரு தோள்பை. பலகையும் ஃபாயிலும் வாடகைக்கு எடுங்கள். விமானத்தில் அவற்றுக்கு அழும் காசுக்கு அங்கே வாடகை மேல். சொந்த ஃபாயில் வைத்திருப்பவர்கள் தினமும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கம்பம் அலுமினியம், இறக்கை கார்பன், நடுவில் உப்புத் தண்ணீர். என்ன ஆகும் என்று மெட்டலர்ஜி பேப்பரில் எழுதியிருப்பீர்கள். ஸ்டீல் போல்ட் உள்ளேயே இறுகி உட்கார்ந்துவிடும். கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். இருபத்தைந்து வருஷமாகக் கடலோரப் பம்புகளுக்கு நான் சொல்லிவருவதும் இதுதான்.

அடுத்து எங்கே என்று மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் இப்போது ஹாஸ்டலில், லீவு டிசம்பரில்தான். ஆகவே போராகாய் மேப் மறுபடி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. மனைவி அங்கே நீரோட்டம் எந்தப் பக்கம் என்று படிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மா கேட்பது அங்கே கோயில் இருக்கிறதா என்று.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. என் இறக்கையையும் பம்பையும் காரில் கொண்டு வந்திருக்கிறேன். இப்போது ஆகஸ்ட், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் கிரிக்கெட் கிரவுண்டில் சாயங்காலம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாலரை மணிக்கு அங்கே இருப்பேன். தண்ணீர் வேண்டாம், பலகை வேண்டாம். இறக்கையைப் பிடித்து நின்று பார்க்கலாம், மாணவிகளும் வரலாம். ஃப்ளூயிட்ஸ் சார் முதலில் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள், கிரவுண்டில் நெருஞ்சி முள் அதிகம்.